திரைக்கு இந்தப் பக்கம்

"உனக்கு அப்பாகிட்ட கேக்கணும்னு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இருக்குது கண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"என்னது?"

"உங்கப்பாகிட்ட கேக்க வேண்டியத உங்கிட்ட எதுக்குச் சொல்லோணும்? நீ என்ன, எங்களுக்கு நடுவுல கண்டக்டரா?"

ஹரிணி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அடிவாரத்தில் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு விடியலில் அவளும் அம்மா வேலம்மாளும் பேசிக்கொண்டது அது. கீழே ஓர் ஊரில் கூத்து முடிந்து மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா மாரிசாமி வேஷப் பெட்டியின்மேல் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தார். காதோரத்தில் ராணி வேஷத்தின் அரிதாரம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அம்மா தன் தோளில் கிடந்த பழுப்புக் கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

அந்தக் கம்பளியைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சே ஆரம்பித்தது.

கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வருவதென்றால், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தன் வருகைப் பாட்டைப் பாடுவார். பாட்டு முடியும் இடத்தில் திரை இறங்கும். மாரிசாமியின் ராணி வேஷத்துக்கு மலையிலிருந்து சேலம் வரைக்கும் பேர். அந்த வருகைப் பாட்டைக் கேட்கவே ஆட்கள் பாயோடு வந்து உட்காருவார்கள்.

அந்த விடியலுக்கு முன்பே அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேச்சு கரகரத்தபடியாவது திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. ஒப்புக்கொண்ட கூத்தை விட முடியாமல், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லி வேலம்மாளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவள் பாடினாள். கடைசி அடி முடியும்போது கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்து, ஆர்மோனியக்காரர் முதுகை ஒட்டி வெளியே நழுவினாள். திரை இறங்கியது. ராணி நின்றாள். சபை கைதட்டியது.

அதற்கப்புறம் ராணி ஆடுவார், வசனம் பேசுவார். மற்ற பாட்டுகளைப் பின்பாட்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

முடியாமலே இப்படிப் போயிருக்கும். போன வாரம்தான் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் மைக்செட் கடை வைத்திருக்கும் ஜோஸ்வா அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். மாரியம்மன் கோயில் திடலில் சனிக்கிழமை நடக்கப்போகும் கூத்தில், மாரிசாமியின் குரலுக்காக விழாக் கமிட்டி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, 'மலைக்குயில்' என்று பட்டம் கொடுக்கப்போகிறது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் வைத்துச் சம்மதம் கேட்டபோது அப்பா சரியென்று தலையை ஆட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஹரிணி அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவராகவே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"கண்ணு, இன்னைக்கு நீ சொல்றதுல நம்ம கூத்தையும் ஒரு வார்த்த சேத்திக்கிறயா? பொன்னாடை சேதியவும் சொன்னீன்னா நல்லாருக்கும்."

ஹரிணி ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும், வரும் சனி ஞாயிறில் மலையிலும் சேலத்திலும் என்ன நாடகம் பார்க்கலாம், எதைப் பார்க்காமல் விட்டால் நஷ்டமில்லை என்று போனில் பேசி வாட்ஸப்பில் அனுப்புவாள். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களுக்காக ஆரம்பித்தது, இப்போது மலை முழுக்கக் கேட்கிறார்கள். ஒத்திகையாவது பார்க்காமல் எதையும் சொல்லமாட்டாள். அப்பாவின் கூத்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொந்த ஊட்டுச் சரக்கை நானே கூவி வித்தால் யார் நம்புவார்கள் என்பாள். அதை அவரும் மதித்து இத்தனை நாள் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்டுவிட்டார்.

ஹரிணி அம்மாவைப் பார்த்தாள். வேலம்மாள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ராணியின் சிவப்பு ரவிக்கையில் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத் தையலைப் பிரித்து உள்ளே வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இளைத்துவிட்டார் போலிருக்கிறது என்று ஹரிணி நினைத்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

வேலம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நேரமாச்சு. பஸ்ஸப் புடி."

பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ரவிக்கைதான் கண்ணில் நின்றது. குரலும் அம்மாவுடையது, தையலும் அம்மாவுடையது, பொன்னாடை மட்டும் வேறு தோளுக்கு. ஒண்டிக்கடை வருவதற்குள் ஹரிணி முடிவு செய்துவிட்டாள். அப்பா கேட்டபடியே கூத்தைச் சொல்வாள். சொல்வதைச் சரியாகச் சொல்வாள்.

ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் அடுக்கிவைத்திருக்கும் அறையில்தான் அவள் எப்போதும் பேசுவது. சுற்றிலும் துணி இருப்பதால் எதிரொலி இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு போனை வாய்க்கு அருகில் பிடித்தாள்.

"வணக்கங்க. மலை மேல இருக்கறவங்களுக்கும், மலை ஏறி வர்றவங்களுக்கும். இந்த வாரம் மூணு இருக்குதுங்க.

"முதல்ல, கான்வென்ட் ஸ்கூல்ல நாளைக்கு மத்தியானம் புள்ளைங்க போடற இசை நாடகம். ஒரு வார்த்த பேச்சு கிடையாதுங்க. கதவத் தட்டறதுலருந்து சண்டை போடறது வரைக்கும் எல்லாமே பாட்டு. மேல்நாட்டுல இதுக்கு ஓபெரான்னு பேரு. பாஷை புரியாதேன்னு பயந்துக்காதீங்க. சூனியக்காரியா வர்ற ஒம்பதாங்கிளாஸ் புள்ள தன் மகளத் தேடிப் பாடறப்ப எனக்கு ஒரு வார்த்தையும் புரியல, ஆனா கர்ச்சீப்பத் தேடினேன். நாற்காலி இரும்பு. சால்வைய மடிச்சுப் போட்டு உக்காருங்க.

"ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டவுன்ல, சேலத்து செட் போடற கல்யாண நாடகம். மாப்பிள்ளை வர்ற வரைக்கும் நல்லா சிரிக்கலாம். மாப்பிள்ளை வந்ததுக்கப்புறம் வெளிய போயி பஜ்ஜி சாப்பிடலாம். பஜ்ஜி நல்லாருக்குதுங்க."

இந்த இடத்தில் நிறுத்தினாள். மூன்றாவதைப் பேசினாள், அழித்தாள். மறுபடி பேசினாள், குரல் நடுங்கியது, அதையும் அழித்தாள். நடுங்கின குரலில் சொன்னால் ஏதோ தப்பைச் சொல்வது போலிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தலையணைக் குவியலில் சாய்ந்துகொண்டு, பஜ்ஜியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"மூணாவது, நாளைக்கு ராத்திரி மாரியம்மன் கோயில் திடல்ல கூத்து. ராணி வேஷம் கட்டறது எங்கப்பா மாரிசாமி. அவரு கோவத்துல திரும்பி ஒரு பார்வ பாப்பாரு, அதுக்காகவே முன் வரிசையில எடம் புடிங்க. ஆனா அதுக்கு முன்னால, திரை புடிச்சிருக்கறப்ப ஒரு பாட்டு வரும். கண்ண மூடிட்டுக் கேளுங்க. அந்தப் பாட்டப் பாடறது எங்கப்பா இல்லைங்க. எங்கம்மா வேலம்மாள். எஸ்டேட்ல காப்பிக் களத்துல வேல பாக்கறாங்க. இந்த வாரம் மூணுல எதாச்சும் ஒண்ணுதான் பாக்க முடியும்னா, அந்தக் குரலுக்குப் போங்க. குளிர் இருக்கும். கம்பளி கொண்டு வாங்க. போத்திக்கறதுக்கு மட்டும்."

அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வரவேற்பு மேஜைக்குப் போனாள்.

மத்தியானத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. ரிசார்ட் மேனேஜர் ஜீவானந்தம் வரவேற்பு மேஜைக்கு வந்து, நாளைக்குத் திடலுக்கு ஜீப் வேண்டும் என்று ரூம் ரூமாகக் கேட்கிறார்கள், அங்கே நாற்காலி உண்டா என்றார். பாய்தான் என்றாள். பாய் போதுமாம் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். நெசமாவா, ஹரிணி, என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கேனுங்களா என்று கேட்டாள். போன மாசம் அவருடைய மச்சான் நடித்த நாடகத்தைப் பற்றி அவள் சொன்னதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த போன் ஜோஸ்வாவிடமிருந்து.

மாரிசாமி அரிதாரப் பவுடர் வாங்க ஒண்டிக்கடைக்கு வந்திருக்கிறார். டீக்கடையில் யாரோ ஹரிணியின் குரலைச் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள். தன் பெயர் வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வரி வந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பவுடர்ப் பொட்டலத்தைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். பொட்டலத்தை ஜோஸ்வா எடுத்து வைத்திருக்கிறானாம்.

அப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார் என்பதுதான் ஹரிணியைக் குத்தியது.

"நாஞ் செஞ்சது தப்பா, ஜோஸ்வா?"

"எனக்குத் தெரியலீங்க ஹரிணி. நான் மைக்செட்காரன். உங்கம்மா உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் போடட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். இத்தன வருசமா மைக்க ஆர்மோனியத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சு எனக்கும் முதுகு வலிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். உடனே அவன் குரல் மாறியது. நொம்பத் தயங்கி, திருவிழா முடிஞ்சதும் நான் வந்து உங்கப்பாகிட்டப் பேசறதா இருந்துச்சே, அது இருக்குதா, என்றான். வேறு கோயிலுக்குப் போகிறவன் பெண் கேட்டு வருவதற்கு அப்பா நல்ல மனநிலையில் இருக்கவேண்டும் என்று நாள் தள்ளிப்போட்டதே ஹரிணிதான். இப்போது அந்த நல்ல மனநிலையை அவளே தீ வைத்துக் கொளுத்தியிருக்கிறாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் தாண்டட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, வேஷப் பெட்டி திறந்து கிடந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தைவேல் வாத்தியார். அந்தக் கூத்து செட்டை நடத்துகிறவர் அவர்தான். திரையைப் பிடிக்கும் இரண்டு பேரில் ஒருவரும் அவரே.

வாத்தியார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கமிட்டித் தலைவர் போன் செய்ததைச் சொன்னார். சபையை இத்தனை வருஷம் ஏமாற்றினீர்களா என்று கேட்கிறாராம். பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்று கேட்கிறாராம். நம்ம செட்டில் இதுவரைக்கும் பொம்பள சபையில் நின்றதில்லை, பொம்பள வேஷம்கூட ஆம்பளதான் கட்டுவது, திரைக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் கூப்பிடுவான் என்று அவர் பங்குக்கும் கேட்டார். கடைசியாக, ஒரே ஒரு வார்த்தை, தமாஷுக்குச் சொன்னேன் என்று இன்னொரு தடவை பேசி அனுப்பிவிட்டால் போதும் என்றார்.

"அது முடியாதுங்க வாத்தியாரே."

"ஒரு வார்த்த தான சாமி."

"பாக்காத நாடகத்த நான் சொன்னதில்லீங்க. சொன்னத மாத்துனதும் இல்லீங்க. நாளைக்கு நான் சொல்றத ஒருத்தரும் நம்ப வேண்டாமுன்னாலும் பரவால்லீங்க. இதுல மட்டும் மாத்த மாட்டேன்."

வாத்தியார் மாரிசாமியைப் பார்த்தார். மாரிசாமி கையில் இருந்த சலங்கையைத் தரையில் வைத்தார்.

"தொண்ட போனப்ப எல்லாமே போச்சுன்னு நெனச்சேன், கண்ணு" என்றார். கரகரத்த குரல், பாதி வார்த்தை காற்றாகவே வந்தது. "உங்கம்மா அவ தொண்டையக் குடுத்தா. அத நீ டீக்கடையில வெச்சுப் புடுங்கிட்ட."

ஹரிணியின் கண் நிறைந்தது. ஆனாலும் குனியவில்லை.

"நான் புடுங்கலீங்கப்பா. குடுத்தவங்க பேரச் சொன்னேன். நீங்க அந்த நாலு பேரு முன்னால சொல்லியிருந்தா, நான் சொல்லியே இருக்க மாட்டனுங்க."

உங்கம்மா வரட்டும், அவ வாயால உனக்குச் சொல்லட்டும், என்று மட்டும் அவர் சொன்னார். வாத்தியாரும் தலையாட்டினார். வேலம்மாள் அதிர்ந்து பேசாதவள். இந்தப் பெண்ணை அடக்க அவள் ஒரு முறை முறைத்தால் போதும் என்று இரண்டு பேரும் நம்பியது முகத்திலேயே தெரிந்தது.

வேலம்மாள் வருவதற்கு முன்னால் சிரிப்புச் சத்தம் வந்தது. களத்தில் வேலை பார்க்கும் பெண்கள் கும்பலாக லைன் வரைக்கும் கூடவே வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே வாத்தியாரைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் வாத்தியாரே, என்னமோ பெரிய ரகசியமாட்டம் உக்காந்திருக்கறீங்க? காப்பிப் பழம் பறிக்கறப்ப இவ பக்கத்துல நின்னு பாட்டுக் கேட்டவ நானு. மொத நாளே எனக்குத் தெரியும். எங்க களத்துல எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்களுக்குத்தானுங்க இன்னைக்குச் சேதி."

கும்பல் சிரித்துக்கொண்டே கலைந்தது. நாளைக்கு முன் வரிசை எங்களுக்கு என்று இருட்டிக்கொண்டு வந்த பாதையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

வேலம்மாள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். தோளில் அதே பழுப்புக் கம்பளி. புருஷனைப் பார்க்கவில்லை, வாத்தியாரைப் பார்க்கவில்லை. நேராக ஹரிணியின் முன்னால் வந்து நின்றாள்.

"யாரக் கேட்டு எம்பேரச் சொன்ன?"

ஹரிணி இதை எதிர்பார்க்கவில்லை. "அம்மா, உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா எங்கிட்டக் கேட்டிருக்கோணும். காலைல கேட்டயே, என்ன சொல்றேன்னு. பஸ்ஸப் புடின்னுதான சொன்னேன்? சொல்லுன்னு சொன்னனா? அது எம்பாட்டு. எப்பச் சொல்லோணும், யாருகிட்டச் சொல்லோணும்னு எனக்குத் தெரியாதா?"

வாத்தியார் முகம் தெளிந்தது. அப்படிச் சொல்லு வேலம்மா, என்றார்.

"நீங்க கொஞ்சம் இருங்கண்ணா" என்றாள் வேலம்மாள். "உங்ககிட்ட நான் இன்னும் வரல."

தோளிலிருந்து கம்பளியை எடுத்தாள். நாலாக மடித்தாள். அதை வாத்தியாரின் மடியில் வைத்துவிட்டு, வேஷப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, சிவப்பு ரவிக்கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதக் காலைலயே முடிச்சிட்டேன்" என்றாள் ஹரிணியிடம். "சாயங்காலம் வந்து உங்கப்பாகிட்டக் கேக்கறதுன்னு இருந்தேன். பொன்னாடைன்னு சேதி வந்த அன்னைக்கே முடிவு பண்ணது. நீ அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்ட."

ஹரிணி ரவிக்கையைப் பார்த்தாள். பக்கத் தையல் இரண்டும் உள்ளே வாங்கியிருந்தன. தோளும் குறுகியிருந்தது. எவ்வளவு இளைத்தாலும் அது அப்பாவுக்கு ஏறாது. அம்மாவின் தோளுக்கு அது கச்சிதமாக இருக்கும்.

அடிவாரத்து விடியல் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒண்ணே ஒண்ணு.

மாரிசாமியும் ரவிக்கையைப் பார்த்துவிட்டார். படியிலிருந்து மெல்ல எழுந்தார். வேஷத் துணிகளுக்கு அளவு பார்த்தே வயதானவர் அவர், யாரும் விளக்க வேண்டியதில்லை. வாத்தியார் மடியில் கிடந்த கம்பளியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வேலம்மாள் பெட்டியின் அடியிலிருந்து திரையை உருவி எடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் முகத்துக்கு முன்னால் நின்ற துணி. ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ஏனுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நாளைக்கு ராணியா நான் நிக்கறேன். திரைய நீங்க புடிங்க."